ராகு காலத்து ஜீப்

போன வாரம் அண்ணன் மகள் ஒரு புதுக் காரை ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்திருந்தாள். ஷோரூம்காரர் பின் சீட்டில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். "ஏறுங்க அத்தை" என்றாள். ஏறினேன். உள்ளே புது பிளாஸ்டிக் வாசனை. கதவைச் சாத்தியதும் லஸ் முனையின் இரைச்சல் மொத்தமும் நின்றுபோய், ஏதோ ஸ்கேன் எடுக்கிற அறைக்குள் வந்த மாதிரி ஆகிவிட்டது. எட்டு லட்சத்துக்குள், சனி ஞாயிறில் ஜாலியாக ஓட்ட ஒரு கார் வேண்டுமாம். போனில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். மைலேஜ், டிக்கி, காற்றுப்பை எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். ஜாலிக்கும் ஒரு கட்டம் இருந்தது, அதில் பத்துக்கு ஏழு என்று போட்டிருந்தாள். ஜாலிக்கு மார்க் போடுகிற அளவுக்கு உலகம் முன்னேறிவிட்டது.

எதை எடுக்கலாம் என்று கேட்டாள். கதவு இல்லாத கார் இதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஷோரூம்காரரும் சேர்ந்து சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

உங்களிடம் என் ஜீப்பைப் பற்றிச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அண்ணன் மகளுக்கு அது ஞாபகம் இருக்கிறது. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "அந்த தண்ணி கேன் வண்டிதானே அத்தை?" என்கிறாள். எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்திருக்கும் என்று இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

அந்த ஜீப்பின் வாசனை வேறு. வெயிலில் சூடேறிய ரெக்ஸின், டீசல், மழையில் நனைந்து காய்ந்த கித்தான் கூரை, இவற்றுக்கு அடியில் கொஞ்சம் கடல் உப்பு. இன்றைக்கும் சீட் கவர் தைக்கிற கடை எதையாவது தாண்டிப் போனால் என் இடது கால் தானாக கிளட்சைத் தேடுகிறது. பக்கத்தில் வருகிறவர்கள் எனக்குக் கால் வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்களில் எனக்குப் பிடித்தவர் யாருமில்லை, என்னைப் பிடித்துப்போனவர்களை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கல்யாண நகைக்கென்று முதல் சம்பளத்திலிருந்து வங்கியில் போட்டுவைத்த பணம் இரண்டு லட்சத்தைத் தொட்டிருந்தது. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் வந்தது. வராத மாப்பிள்ளைக்காக என் பணம் ஏன் காத்துக்கிடக்க வேண்டும்? அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில், கார் வாங்கப்போகிறேன் என்று சொன்னேன். எனக்கே எனக்கென்று, யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாத ஒன்று வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அதைச் சொல்லும் தைரியம் அப்போது வரவில்லை, கார் என்று மட்டும்தான் வாயில் வந்தது.

வீட்டில் ஒருவரும் எதிர்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். அப்பா போன பிறகு வீட்டுக்கு அண்ணன்தான் பெரியவன், அந்தப் பொறுப்பை அவன் தூங்கும்போதுகூட இறக்கிவைத்ததில்லை. மறுநாளே தி.நகரில் ஒரு வெள்ளைக் காரைப் பிடித்துவிட்டான். ஒரு டாக்டர் ஓட்டியதாம். சென்னையில் விலைக்கு வருகிற பழைய கார் அத்தனையையும் ஏதோ ஒரு டாக்டர்தான் ஓட்டியிருப்பார், அவர்கள் வைத்தியம் எப்போது பார்த்தார்களோ தெரியாது. அடுத்து அடையாறில் ஒரு நீளமான கார். அம்மா அதன் டிக்கியைத் திறந்து பார்த்து, சீர்வரிசையே அடங்கிவிடும் என்று திருப்தியாகத் தலையாட்டினாள். அண்ணி பின்னால் உட்கார்ந்து, நடுவில் இன்னொருவருக்கு இடம் போதுமா என்று பார்த்தார். அண்ணன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். இரண்டு இடத்திலும் என்னை யாரும் ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொல்லவில்லை.

ராயப்பேட்டையில் சாதிக் பாய் என்று ஒருவர் சீட் கவர் கடை வைத்திருந்தார். கிழிந்துபோன என் ஸ்கூட்டர் சீட்டைத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். கடை வாசலில் அந்த ஜீப் நின்றது, மேலே கித்தான் கூரை, பக்கவாட்டில் கதவே கிடையாது. பாயின் சொந்த வண்டி. பிள்ளைகள் ஏ.சி. வைத்த வேன் வாங்கிவிட்டதால் இதைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் மிஞ்சிய சிவப்பு ரெக்ஸினில் சீட்டு தைத்து, ஓரத்துக்கு வெள்ளைப் பட்டி கொடுத்திருந்தார். கல்யாண வீட்டுச் சோபா மாதிரி இருந்தது.

"இன்னாம்மா, ஸ்கூட்டர் சீட்டு தெக்க வந்துட்டு ஜீப்பையே பாத்துக்கினு கீற? ஏறி ஓட்டிப் பாரேன்."

ஓட்டிப் பார்க்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். மணிக்கூண்டு வரை போய்த் திரும்பினேன். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும், கியர் ஒவ்வொரு தடவையும் கெஞ்சினால்தான் விழும். பஸ் படியில் தொங்கியவர்கள் எல்லாம் என்னைக் குனிந்து பார்த்தார்கள். நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது திரும்பி வந்து இறங்கும்போதுதான் தெரிந்தது. விலை என் பணத்துக்குள் அடங்கியது. இரண்டு டீ குடித்ததில் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அப்போது எனக்கு ஒரு யோசனை. பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு சீட்டு இருந்தது. அதை விட்டுவைத்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே மொத்தக் குடும்பமும் ஏறிவிடும். இரண்டையும் கழற்றிவிடச் சொன்னேன். பாய் பெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எட்டு பேரு ஒக்கார்ற எடம்மா அது. அத்தப் போயி கழட்ட சொல்றியே, இன்னாத்துக்கு?"

எட்டுப் பேர் உட்காருவார்கள் என்பதால்தான் என்றேன். பாய் ஸ்பேனரை எடுத்தார்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். பின்னால் சீட்டு எங்கே என்றான். இல்லை என்றேன். இது இரண்டு பேர் வண்டி, சனி ஞாயிறில் நான் சும்மா சுற்றுவதற்கு என்று அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த மெச்சல் அடுத்த சனிக்கிழமை காலை வரைதான் இருந்தது. சீட்டை எடுத்தால் ஆள் ஏறமாட்டார்கள், அது வரைக்கும் சரி. சாமான் ஏறும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பெஞ்சைக் கழற்றி, ஒரு சின்ன லாரியை நானே தயார் பண்ணிக் கொடுத்திருந்தேன். முதலில் தண்ணீர் கேன். பிறகு அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சித்தப்பா வீட்டு பீரோ. ஒரு கல்யாணத்துக்கு வாழைமரம் ஏற்றிக்கொண்டு மாட வீதியைச் சுற்றினேன், பின்னால் குலை ஆட ஆட. அறுபத்துமூவர் திருவிழாவின்போது தெருவில் நீர்மோர் கொடுக்கிறவர்கள் அண்டாவோடு வந்து நின்றார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்டார்கள். "அதுக்கென்ன, சும்மாதானே நிக்குது" என்பான். அவன் கெட்டவன் இல்லை. சும்மா நிற்கிற ஒரு பொருளைப் பார்த்தால் அவனுக்கு உடம்பு கூசும், அவ்வளவுதான்.

நான் அழுதிருக்கிறேன். ஒரு தடவை கோயில் குளத்துப் பக்கம், வண்டியில் அண்டாவோடு, மோர் வாசனையில் உட்கார்ந்து அழுதேன். நகையும் போயிற்று, ஜீப்பும் போயிற்று.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோ சீர்த் தட்டுகளை ஏற்ற வந்தார்கள். மணி நாலரையைத் தாண்டியிருந்தது. அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, ராகு காலம், ஆறு மணிக்கு மேல் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். ஜீப் காலியாக நின்றது. தெருவில் ஒருத்தரும் ஒரு நல்ல காரியத்துக்கும் கிளம்பாத ஒன்றரை மணி நேரம். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அம்மா கேட்டுக்கு வந்து நின்றாள்.

"ராகு காலம்டி. இப்பப் போகாதே."

"வெள்ளிக்கிழமை ராகு காலத்துல நீ துர்க்கைக்கு விளக்கு போடப் போறியே."

"அது சாமி காரியம். நீ என்ன காரியத்துக்குப் போறே?"

ஒரு காரியத்துக்கும் போகவில்லை என்றேன். போனேன்.

சாந்தோம் வழியாக, பட்டினப்பாக்கத்தில் மீன் வாசனையைத் தாண்டி, அடையாறு பாலத்தில் ஏறும்போது காற்று ஒரு பக்கமிருந்து வந்து இன்னொரு பக்கமாகப் போகும். பாலம் இறங்கியதும், பழைய ஆலமரம் இருக்கிற பெரிய தோட்டத்தின் மதிலை ஒட்டிப் போனால் காய்ந்த இலை வாசனை. பிறகு பெசன்ட் நகர் கடற்கரை. இறங்க மாட்டேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு ஆறு மணிக்கு வீடு. ஒரு சாமானும் வாங்க மாட்டேன், ஒரு முழம் பூகூட. அது ஒரு வைராக்கியம்.

ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கேட்டில் நின்று போகாதே என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் போனேன். சில வாரம் கழித்து, வண்டியை எடுக்கும்போது சக்கரத்தின் அடியில் ஏதோ நசுங்கியது. எட்டிப் பார்த்தால் எலுமிச்சம்பழம். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் விற்கிற விலைக்கு இது ஒரு தண்டச் செலவு என்று முணுமுணுத்தாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு பழம். அதை வைத்துவிட்டும் போகாதே என்றுதான் சொன்னாள், அதில் அவள் மாறவில்லை.

ஒருநாள் அண்ணி, அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பேசாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார். எங்கே போக வேண்டும் அண்ணி என்று கேட்டேன்.

"எங்கயும் வேணாம். சும்மா போலாம்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அண்ணி ஆஸ்பத்திரி, கோயில், விசேஷம், பள்ளிக்கூடம் தவிர வேறெங்கும் போனதில்லை. அடையாறு பாலத்தில் அவர் கொண்டை அவிழ்ந்துவிட்டது. அவர் அதை முடியவே இல்லை, வீடு வந்து சேரும் வரை. அதற்குப் பிறகு அண்ணி ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அந்த வருஷமே அண்ணன் ஜீப்பை விற்க ஆள் பிடித்தான். மந்தைவெளியில் ஒரு சமையல் கான்ட்ராக்டர். பாத்திரம் ஏற்ற அவருக்குத் தோதான வண்டி. ஜீப்பைக் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டு, அந்த நீளக் காரை வாங்கிவிடலாம் என்று அண்ணன் கணக்குப் போட்டிருந்தான். நான் சண்டை போடவில்லை. வந்து பார்க்கட்டும், நேரம் மட்டும் நான் சொல்வேன் என்றேன். ஞாயிறு ஐந்து மணி என்றேன். கான்ட்ராக்டர் போனில் தயங்கினார், ராகு காலமாச்சே என்றார். சரி, திங்கள் காலை எட்டு மணி. அதுவும் ராகு காலம். அப்படியானால் செவ்வாய் மூன்றரை, அலுவலகத்தில் பர்மிஷன் போட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அம்மா மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாரம் முடிவதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, வேறு வண்டி பார்த்துக்கொண்டார்.

அண்ணனுக்கும் புரிந்தது. கூடத்தில் நின்று கத்தினான். குடும்பத்துக்கு உதவாத வண்டி எதற்கு, தன்னைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவள் என்றெல்லாம். நானும் கத்தினேன், என்னவென்று இப்போது ஞாபகமில்லை. அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னார்.

"விக்காதீங்க. வாரத்துல அந்த ஒரு நேரம்தான் என்னை யாரும் எதுவும் கேக்காத நேரம்."

அம்மா அண்ணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ராகு காலத்துல போறது தப்புதான், அதை நான் சொல்லிட்டேதான் இருப்பேன். வண்டி அவளோடது" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவன் அதன் பிறகு ஜீப்பை விற்கிற பேச்சை எடுக்கவில்லை. தண்ணீர் கேன் ஏற்றுவதை மட்டும் கடைசி வரை விடவில்லை, அதைத்தான் அவன் மகள் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

கடல் காற்று ஜீப்பின் அடித்தகட்டைத் தின்றுவிட்டது. புதுப்பேட்டைக்கு உடைக்கப் போனபோது நான் கூடப் போகவில்லை. சாதிக் பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். எங்கள் வீடு அடுக்குமாடியாகிவிட்டது, கேட்டில் கேமரா இருக்கிறது. மெட்ரோவுக்காகத் தகரம் அடைத்த தெருக்களில் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி நகர்வதில்லை. அண்ணி மேடவாக்கத்தில் முட்டி வலியோடு இருக்கிறார், போனில் அவரே ஒருநாள் பெசன்ட் நகர் பேச்சை எடுத்தார். அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது.

அண்ணன் மகளிடம் எந்தக் கார் என்று நான் சொல்லவில்லை. உனக்குப் பிடித்ததை எடு, வீட்டில் எல்லோருக்கும் பிடித்தால் மட்டும் எடுக்காதே என்றேன். அதற்குக் கட்டம் இல்லையே அத்தை என்றாள்.

நான் இன்றைக்கும் ஞாயிறு நாலரைக்குக் கிளம்பிவிடுகிறேன். ஒரு சின்னப் பழைய கார், கதவு இருக்கிறது, என்ன செய்வது. யாரும் என்னைத் தடுப்பதில்லை. அம்மா இன்றைக்குக் கேட்டில் வந்து நின்று போகாதே என்று சொன்னாலும் நான் போவேன், ஒரு வாரம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் வந்து நின்றால் போதும்.