மூன்றாவது நகல்

ரப்பர் சொல்யூஷன் வாசனை... பஞ்சர் கடையைத் தாண்டினால்கூட எனக்கு செல் பயாலஜி ஞாபகம் வந்துவிடும். சிரிக்காதீர்கள்.

1998. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. தோலின் மேல் வைத்து வெட்டுவதற்கான அட்டைகளை நகல் எடுப்பது என் வேலை. பி.எஸ்சி.யில் ஒரே ஒரு பேப்பர் அரியர், செல் பயாலஜி. இரண்டு முறை கவிழ்ந்தாயிற்று. அது தேறினால்தான் பி.எட்., அப்புறம்தான் டீச்சர் வேலை. லாங் பஜாரில் வாங்கிய கைடை மடியில் வைத்துக்கொண்டே அட்டை வெட்டுவேன்.

மூல அளவான மாஸ்டர் அட்டைக்கு ஓரத்தில் தகரம் கட்டி, அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். அதிலிருந்துதான் நகல் எடுக்க வேண்டும். ஆனால் அலமாரிச் சாவி கேட்கப் போனால் சூப்பர்வைசர் கண்ணில் கைடு பட்டுவிடுமே... பழைய நகலையே வைத்து வரைந்து வெட்டினேன். அடுத்த வாரம் அந்த நகலுக்கு ஒரு நகல். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பேனா ஒரு மயிரிழை வெளியே தள்ளித்தான் ஓடியது.

ஒரு மத்தியானம் தையல் லைனிலிருந்து என் தோஸ்த் நஸ்ரீன் வந்தாள். தைத்து முடித்த ஷூவின் மேல்பாகம், கால் அச்சில் தொளதொளவென்று நின்றது.

"இன்னாடி இது? காலைலேர்ந்து தச்சது எல்லாம் லூசா கீது."

"கட்டிங்ல தப்பு பண்ணியிருப்பாங்க."

"கட்டிங்ல தப்புன்னா ஒரு பீஸ்தான் போவும். மொத்தமும் போச்சுன்னா அது உன் அட்டைதான்."

சத்தியமாக, எனக்குப் புல்லரித்தது.

கைடு இரண்டு வருஷமாகச் சொன்னதும் இதைத்தானே? டிஎன்ஏ நகலாகும்போது திருத்தப்படாமல் தப்பிவிட்ட பிழை, அந்தச் செல்லின் வாரிசுகளுக்கெல்லாம் போகிறது. அதைப் பார்த்துச் செய்யும் புரதங்கள் வடிவம் மாறி, பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தாமல் போகலாம். எல்லாப் பிழையும் கெடுப்பதில்லை. உள்மடிப்புக்குள் போய்விட்ட என் கோணல்கள் சிலவற்றை யாருமே கண்டதில்லை.

சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன். செம திட்டு. ஆனால் பரீட்சையில் அந்த அட்டையை நினைத்துக்கொண்டே எழுதினேன்... பாஸ்.

இப்போது என் வகுப்பில் டிஎன்ஏ ஸ்கிரீனில் கலர் கலராகச் சுழல்கிறது. அழகுதான். ஆனாலும் அந்தப் பாடம் நடத்தும் அன்றைக்கு மட்டும், நான் எடுத்து வைத்திருந்த அந்த மூன்றாவது அட்டையையும் கையோடு கொண்டுபோவேன்.

போன வருஷம் நஸ்ரீனின் மகள் அதைத் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ மோசமா வெட்டுனது யாரு மிஸ்?"

"உங்க அம்மாவைக் கேளு."

மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஒழுங்கா வெட்டியிருந்தா, உங்க மிஸ் இன்னும் அங்கயே வெட்டினு இருந்திருப்பாங்கன்னு அம்மா சொன்னாங்க, மிஸ்."