வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சித்தப்பா

அவளுக்குச் சோப்பு என்று பெயர் வைத்தவன் வானொலி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் பாலிமர் ஆய்வுக்கூடத்தில் ஆறாவது வருடமாகக் குடுவை கழுவிக்கொண்டிருப்பவளை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. வானொலிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவன். அவன் வாய் ஓய்ந்து பார்த்தவர் யாருமில்லை.

வாசல் பலகையில் ஆய்வுக்குழு என்று எழுதியிருந்தாலும் அது ஒரு கூட்டுக் குடும்பம்தான். குடும்பத் தலைவர் பேராசிரியர். முதுகுக்குப் பின்னால் பெரியவர். பெரியவருக்குப் பட்டம் வாங்கித் தந்தவர் வேறொரு ஊர்ப் பேராசிரியர் என்பதால் இவர்களுக்கெல்லாம் அவர் தாத்தா. அந்தத் தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் கடல் கடந்து போய்ப் படித்த கொள்ளுத்தாத்தா. பெரியவர் தன் அறையில் சொந்த அப்பாவின் படத்தை மாட்டவில்லை. கொள்ளுத்தாத்தாவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அடுத்த கட்டடத்தில் பெயிண்ட் ஆராய்ச்சி செய்பவரும் அதே தாத்தாவிடம் படித்தவர், ஆகவே பங்காளி. பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தாத்தா ஓய்வு பெற்றபோது விட்டுப்போன குளிர்பதனப் பெட்டி யாருக்கு என்பதில் வந்த மனஸ்தாபம்.

இந்த வீட்டின் மூத்த பிள்ளை தங்கக்கை. அவன் ஒரு பாலிமர் படலம் செய்தான். கண்ணாடிபோல மெல்லிசாக இருக்கும். பிளேடால் வெட்டி, வெட்டிய ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தால் தானாகக் கூடிக்கொள்ளும். காயம் ஆறுவதுபோல என்று ஆய்விதழில் எழுதினார்கள். பெரியவர் அந்தப் படலத்தை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், மேடையில் வெட்டி, மேடையிலேயே சேர்த்துக் காட்டினார். கைதட்டல் சத்தத்தில் அவருக்குப் பத்து வயது குறைந்தது. தங்கக்கை பட்டத்தை வாங்கிக்கொண்டு ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் போன பிறகு அந்தப் படலம் யார் கைக்கும் வரவில்லை. மூத்த பிள்ளை போட்டுவிட்டுப் போன வேலை கடைசி மருமகள் தலையில் விழுவதுபோல அது சோப்பின் தலையில் விழுந்தது.

"அதைத் திரும்பச் செஞ்சு காட்டிடும்மா. அதுதான் உன் தீசிஸ்ல கடைசி அத்தியாயம். அப்புறம் நீ தாராளமா கெளம்பலாம்" என்றார் பெரியவர்.

கிளம்பத்தான் அவள் துடித்தாள். கல்யாணமானதிலிருந்து புருஷன் ஒரு ஊர், அவள் ஒரு ஊர். அவன் ஊர்க் கல்லூரியில் அவளுக்கு ஒரு ஆசிரியர் வேலை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கல்லூரி திறப்பதற்குள் பட்டத்தோடு வந்தால் அந்த நாற்காலி அவளுக்கு. வராவிட்டால் வேறு யாருக்கோ.

சோப்பு செய்த படலங்கள் பார்க்க அவ்வளவு அழகு. வெட்டினால் இரண்டு துண்டு. சேர்த்துப் பிடித்தால், சேர்த்துப் பிடித்த இரண்டு துண்டு. குடுவையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அசிட்டோனில் அலசி, அடுப்பில் காயவைத்து, கண்ணாடி மூடியில் கடுகளவு கிரீஸ் தொட்டு மூடி, முறை தவறாமல் செய்தாள். தொட்டிக்கு மேலே 'கழுவாதவர் தொடாதீர்' என்று அவளே எழுதி ஒட்டியிருந்தாள்.

"அதே கெமிக்கல்தான், அதே சூடுதான் சார்" என்றாள்.

"கை வேணும்மா. சில பேருக்குத்தான் கை வரும்" என்றார் பெரியவர். விஞ்ஞானம் இவ்வளவுதான் என்று தெரிந்திருந்தால் அவள் வேறு படிப்பு படித்திருப்பாள்.

போனில் அம்மா தினமும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இன்னுமா ஒட்டல?"

"ஒட்டலம்மா."

"கடையில பசை விக்குதே. அதைத் தடவி ஒட்டிக் காமிச்சுட்டு வந்துடேன்."

"அப்படியெல்லாம் செய்யக் கூடாதும்மா."

"உங்க அத்தை மருமகன் மூணே வருஷத்துல டாக்டர் ஆயிட்டான்."

"எதுல ஆனான்னு கேட்டீங்களா?"

"அதையெல்லாம் எதுக்குடி கேக்கணும்? ஆயிட்டான்ல?"

கடைசியில் பெரியவர் தங்கக்கையையே வரவழைத்தார். மாப்பிள்ளை வந்த வீடுபோல ஆய்வுக்கூடம் பரபரத்தது. அவளுடைய வெள்ளை அங்கியை யாரோ கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார்கள். கழுவிக் கவிழ்த்திருந்த குடுவைகளை அவன் தாண்டிப் போனான். தொட்டியில் கிடந்த ஒன்றை எடுத்து உதறினான். அதிலேயே மருந்துகளை ஊற்றினான். அப்புறம் கிரீஸ் டியூபை எடுத்து, பல் தேய்க்கப் பிதுக்குவதுபோல நீளமாகப் பிதுக்கி, மூடி முழுவதும் அப்பினான். விரலில் மிச்சமிருந்ததைக் குடுவையின் உள்கழுத்திலேயே துடைத்தான்.

"இவ்வளவு கிரீஸா அண்ணா?"

"காத்து புகுந்தா எல்லாம் போச்சும்மா. ஒனக்குச் சிக்கனம் ஜாஸ்தி."

குடுவை சூடாகச் சூடாக, கிரீஸ் இளகிக் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. பெரியவர் தங்கக்கையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு குடுவையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் படலம் வந்தது. வெட்டினான், சேர்த்தான், கூடிக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"பாத்தியா?" என்றார் பெரியவர். "கை."

தங்கக்கை பஸ் ஏறிய பிறகு, அவன் படலத்தில் ஒரு துண்டையும் தன் படலத்தில் ஒரு துண்டையும் கருவியில் கொடுத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும் வரைபடங்களை எடுத்தாள் சோப்பு. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவனுடையதில் மட்டும் வலது ஓரத்தில் ஒரு மேடு, நன்றாகக் கொழுத்த மேடு.

அந்த மேடு புதிதல்ல. எல்லாக் கல்யாணப் படத்திலும் ஓரமாக ஒரு சித்தப்பா நிற்பார். யார் வழி என்று ஒருவருக்கும் தெரியாது. எப்போதும் நிற்கிறாரே என்பதால் யாரும் கேட்பதுமில்லை. அந்த மாதிரி, இந்தக் குழுவில் மற்றவர்கள் எடுத்த வரைபடங்களிலெல்லாம் அது நின்றுகொண்டிருந்தது.

"இது யாருடா?" என்று வானொலியைக் கேட்டாள்.

"அது எப்பவும் இருக்கும்க்கா. மூடியில தடவுற கிரீஸ். கண்டுக்காதீங்க."

ஆய்விதழில் அச்சான பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். சித்தப்பா நிற்க வேண்டிய ஓரத்தை அழகாகக் கத்தரித்திருந்தார்கள்.

தன் சுத்தமான குடுவையில் ஒரு படலம் செய்தாள். ஒட்டவில்லை. இன்னொன்றில் பல்லைக் கடித்துக்கொண்டு விரல் நிறையக் கிரீஸைப் போட்டுச் செய்தாள். வெட்டினாள், சேர்த்தாள், கூடிக்கொண்டது. தொட்டுப் பார்த்தாள், பிசுபிசுவென்றிருந்தது. இத்தனை மேடைகளில் காயம் ஆறியதாகக் கைதட்டல் வாங்கியது இந்தப் பிசுபிசுப்புதான். அம்மா சொன்ன பசையைத் தங்கக்கை தனக்கே தெரியாமல் தடவியிருக்கிறான்.

வானொலிக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "அப்புறம் என்னக்கா? தடவுங்க, வெட்டுங்க, ஒட்டுங்க, கெளம்புங்க. மாமா காத்துட்டிருக்காரு."

கல்லூரி திறக்க நாள் நெருங்கிவிட்டது. ஒரு விரல் கிரீஸ் போதும், வேலை கிடைத்துவிடும், புருஷனோடு ஒரே வீட்டில் இருக்கலாம். அவளும் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். உண்மையின் மேல் அவளுக்கு அப்படியொன்றும் தனிப் பாசம் கிடையாது. ஆனால் அழுக்குக் குடுவையில் வந்த சரக்குக்கு அடியில் தன் பெயரை எழுதுவதை நினைத்தாலே உடம்பு கூசியது.

காலையில் இரண்டு படலங்களையும் வரைபடங்களையும் கொண்டுபோய்ப் பெரியவர் மேசையில் வைத்துச் சொல்லிவிட்டாள். அவர் படலத்தைத் தொட்டார். விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தார். அப்புறம் கொள்ளுத்தாத்தா படத்தைப் பார்த்தார். கொள்ளுத்தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

"கதவைச் சாத்தும்மா. இது வேற யாருக்குத் தெரியும்?"

"வானொலிக்குத் தெரியும் சார்."

இனி தெரியாதவர் யாருமில்லை என்பது பெரியவருக்குப் புரிந்தது. பங்காளியின் கட்டடத்தில் இந்நேரம் டீ வாங்கி வரச் சொல்லிக் கொண்டாடியிருப்பார்கள்.

வாரக் கூட்டத்தில் அவர் குரல் கம்பீரமாகவே இருந்தது. "நான் ரொம்ப நாளா சந்தேகப்பட்டுட்டிருந்த ஒரு விஷயம் இப்ப உறுதியாயிருக்கு" என்றார். ஆய்விதழுக்குத் திருத்தம் போயிற்று. அதில் பெரியவர் பெயர் முதலில், தங்கக்கை பெயர் அடுத்து, சோப்பின் பெயர் பந்தியில் கடைசி இலை மாதிரி ஓரத்தில்.

"என் தீசிஸ் சார்?" என்று கேட்டாள்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மேசையில் இன்னும் பல டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மாணவன் விட்டுப்போன அதிசயம். சோப்பின் பார்வை இரண்டாவது டப்பாவில் போய் நின்றது. "இதோட வரைபடத்துலயும் அந்த மேடு இருக்குங்களா சார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஒட்டாதுன்னே கடைசி அத்தியாயத்தை எழுதிடும்மா. அதுவும் ஒரு முடிவுதான்" என்றார் பெரியவர் அவசரமாக. "புருஷனை எத்தனை நாள் தனியா விடுவ? கொண்டா, கையெழுத்து போட்டுடறேன்."

ஆறு வருடம் இழுத்த கை அன்று ஒரு மூச்சில் கையெழுத்துப் போட்டது. கல்லூரி திறப்பதற்கு முந்தின வாரம் அவள் பெட்டி கட்டினாள். தொட்டிக்கு மேலிருந்த அவள் எழுத்தை வானொலி கிழிக்கவில்லை. அதன் கீழ் கிரீஸ் டியூபைத் தொங்கவிட்டிருந்தான்.

"முடிஞ்சுதும்மா. வர்றேன்" என்று போனில் சொன்னாள்.

"அப்பாடா. ஒட்டிடுச்சா?"

"ஒட்டல. ஒட்டாதுன்னு சொன்னதுக்குத்தான் பட்டம்."



"அதை மொத வருஷமே சொல்லிட்டு வந்திருக்கலாமேடி."