ரிஜெக்ட் முடி

அப்பாவின் விரல்களில் எப்போதும் இரண்டு வாசனை இருக்கும். கம்பெனியில் எந்திரத்துக்கு ஊற்றும் 'கூலன்ட்' வாசனை எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது, அதன்மேல் காலையில் என் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் வாசனை ஏறிக்கொள்ளும். ஓசூரில் அம்மா 'ஃபர்ஸ்ட் ஷிப்ட்' பஸ்ஸுக்கு விடியுமுன்பே ஓடிவிடுவதால், மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகும் அப்பாதான் எனக்கு இரட்டைச் சடை பின்னுவார்.

என் தலையில் இரண்டு ரக முடி. உச்சியில் வழவழவென்று நேர்முடி, அதைத் தூக்கிப் பார்த்தால் காதோரத்திலும் பிடரியிலும் ஸ்பிரிங் ஸ்பிரிங்காகச் சுருட்டை. போல்ட்டுகளை அளந்து தள்ளும் 'இன்ஸ்பெக்‌ஷன்' வேலையில் இருந்த அப்பாவுக்கு ஒன்றுபோல் இல்லாத எதுவும் ஆகாது. எண்ணெய் வைக்குமுன் காய்ந்த தலையில் உச்சியிலிருந்து ஒரே இழுப்பாகச் சீப்பை இழுப்பார், அது பிடரியில் சிக்கி நிற்கும், நான் அழுவேன். "மேல எல்லாம் ஓகே, கீழதான் ரிஜெக்ட்" என்று சிரிப்பார். கேலிதான். ஆனால் கம்பெனியில் ரிஜெக்ட்டைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவார்கள் என்றும் அவரே சொல்லியிருந்தார்.

மாதா கோயிலில் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள் வந்தது. வெள்ளை முக்காடும் பூக்கிரீடமும் வாங்கியாயிற்று. முந்தின நாள் நான் கத்தரியை எடுத்து, பிடரிச் சுருட்டையைத் தடவித் தடவி வெட்டி, சிவப்பு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

அப்பா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரு கண்ணு வெட்டச் சொன்னது?" என்றார்.

"நீதாம்பா ரிஜெக்ட்டுன்ன."

அவர் டப்பாவை மெதுவாக மூடினார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குத்தான் பயமாகிவிட்டது.

மறுநாள் காலை என் தலையை நனைத்து, விரலை எண்ணெயில் தோய்த்து, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். நான் அழவேயில்லை. கிரீடத்துக்குக் குத்திய கிளிப்புகள் நேர்முடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே வந்தன; காதோரம் மிஞ்சியிருந்த சுருட்டையில் குத்தியதும் நின்றுவிட்டன. அப்பா என்னைத் திருப்பி நிறுத்தி அளவு பார்ப்பதுபோல் பார்த்தார். "இதுலதான் கண்ணு நிக்குது. பாஸ்."

பிறகு அந்த 'ரிஜெக்ட்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை.

இரண்டு பிள்ளைகள் பெற்றபின் என் உச்சி முடி பாதி கொட்டிவிட்டது. சுருட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குக் கிளம்புமுன், ஈரத்தோடு எண்ணெய் தொட்டு நுனியிலிருந்து நானே பிரித்துவிட்டுக்கொள்கிறேன். என் விரல்களில் தேங்காய் எண்ணெய் வாசனை மட்டும்தான் வருகிறது.