திருப்பிப் போட்ட விரிப்பு

கறார் என்ற பட்டப்பெயரை நான் முதலில் கேட்டது என் ஓரகத்தியின் வாயிலிருந்துதான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் கட்டிலில் விரிப்பைப் போட்ட லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "எங்க கறார் மட்டும் இதப் பாத்தா, உன்னக் கட்டிலோட தூக்கி வெளிய போட்டுடுவா" என்றாள். கறார் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. எனக்கும் தங்கை முறைதான். அப்போதுதான் ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

முப்பது வருஷம், நாளுக்குப் பதினான்கு அறை. முட்டி தேய்ந்து வேலையை விட்டபோது, வேன் ஓட்டுகிற மகன் என்ன வேண்டுமென்று கேட்டான். அடுத்தவர் விரித்த கட்டிலில் ஒரு நாளாவது படுக்க வேண்டும் என்றாள். பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போன இடத்திலேயே நர்சை நகரச் சொல்லிவிட்டுத் தன் படுக்கையைத் தானே சரிசெய்தவள் அவள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவனும் நல்ல ஓட்டலாகப் பார்த்து இரண்டு நாளைக்குச் சொல்லிவைத்து, துணைக்கு என்னையும் பஸ் ஏற்றி அனுப்பினான்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். திரைச்சீலை, கண்ணாடி, சோப்பு எல்லாம் எனக்கு அமர்க்களமாகத்தான் தெரிந்தது. கறார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இதுல உக்காராத."

விரிப்பின் ஓரத்தை மடித்துத் தைத்திருப்பார்கள். அந்த மடிப்பு கீழ்ப்பக்கமாகப் போக வேண்டுமாம். இங்கே மேலே தெரிந்தது. இழுத்துப் புரட்டினாள். அடியில் யாருடைய தலைச் சாயமோ கறுப்பாக அப்பிக் கிடந்தது. நேற்று ஒருவர் படுத்த விரிப்பை உதறி, திருப்பிப் போட்டிருந்தார்கள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, நானும் கட்டிலை விட்டுத் தள்ளி நின்றுகொண்டேன்.

கறார் கூப்பிட்டதும் மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். வேறு அறை தருவதாகச் சொன்னார். அங்கேயும் மடிப்பு மேலேதான். மூன்றாவது அறைக்கு அவள் நகரவில்லை. உடனே அவர் சிரிப்பை மாற்றிக்கொண்டு, அந்த மாடியைச் சுத்தம் செய்கிற பெண்ணைக் கூப்பிட்டார். அவளுக்கும் கறார் வயதுதான் இருக்கும். கையில் துடைக்கிற துணியோடு வந்து நின்றவளை, எங்கள் முன்னாலேயே இன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று காய்ச்சினார்.

கறார் அவரை விட்டுவிட்டு அவளிடம் கேட்டாள்.

"உனக்கு எத்தன ரூம்மா?"

"இருபதுக்கா."

"துவைச்ச விரிப்பு எத்தன குடுத்தாங்க?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "பன்னெண்டு" என்றாள்.

கறார் குரலை ஏற்றவில்லை. "மிச்சம் எட்டுக்கு அவ தன் தோலை உரிச்சா போடுவா? இவ வேலைக்கு எதாவது ஆச்சுன்னா, நாளைக்குக் காலையில கீழ வாசல்ல நாற்காலி போட்டு உக்காருவேன். வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் மடிப்பு எங்க இருக்கணும்னு சொல்லிக் குடுப்பேன். எனக்கு வேற வேலை இல்ல."

மேனேஜர் போய், பூட்டியிருந்த அலமாரியிலிருந்து புது விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். வேலைக்காரப் பெண் வாங்கக் கை நீட்டினாள்.

"நீ விடு. அவரே போடட்டும்."

போட்டார். லாரிக்குத் தார்ப்பாய் போடுகிற மாதிரி போட்டார். கறார் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூலையைக் காட்டிக் காட்டி மூன்று தடவை பிரிக்க வைத்தாள். வேலைக்காரப் பெண் சிரிப்பை அடக்கத் துணியால் வாயை மூடிக்கொண்டாள். அவர் வியர்த்து வழிந்து வெளியே போனதும், கறார் போய்ப் படுத்தாள். அரை மணி நேரம் கண்ணை மூடவே இல்லை, காவலுக்குப் படுத்தவள் மாதிரி. பிறகு எழுந்து, "போலாம்க்கா" என்றாள்.

பஸ்ஸில் நான் சமாதானமாக என்னவோ சொல்லப் போக, என்மேல் எரிந்து விழுந்தாள்.

"நானும் திருப்பிப் போட்டிருக்கேன்க்கா. ரெண்டு தடவ. ரூம் நம்பர் நூத்திப் பதினாலு, இருநூத்தி ஆறு. துணி குடுக்காம ஆளு வந்துட்டாங்கன்னு விரட்டினாங்க, போட்டேன். அந்த ரூம்காரங்க கண்டுபிடிக்கல. எனக்கு டிப்ஸ் வேற வச்சிட்டுப் போனாங்க."

வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். காசு வீணாயிற்றே என்று மகன் முனகியபோது அவன் வாயையும் அடைத்தாள்.

கறார் இப்போது மகன் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். அவள் கட்டிலைத் தினமும் காலையில் மருமகள்தான் விரிக்கிறாள். மடிப்பு எந்தப் பக்கம் என்று இவள் புரட்டிப் பார்ப்பதில்லை.