அக்காவின் இரண்டு கைகள்

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் அக்கா. எதிரே நான்கு பேர் சேர்ந்து டேபிள் டென்னிஸ் மேசையின் காலைத் தலைகீழாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பதினாறு, பதினேழு வயதுதான். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். யார் காதிலும் எதுவும் ஏறுவதாகத் தெரியவில்லை. மேசை ஒரு பக்கமாகச் சாய்கிறது. அக்காவின் தோள் துடிக்கிறது. கை மட்டும் வெளியே வரவில்லை.

நகராட்சி இளைஞர் மன்றத்தின் பொறுப்பாளர் அவர். ஆளும் குள்ளம், கையையும் அடக்கி வைத்திருக்கிறார் என்று பிள்ளைகள் அவருக்கு 'கையடக்க அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் காதில் விழாத மாதிரி இருப்பார். உள்ளுக்குள் அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கை வெளியே இருந்தால் என்ன ஆகும் என்று அவர் பட்டுத் தெரிந்துகொண்டவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாடகப் போட்டிக்கான உடை, வசனம், மேடை என்று எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். பரிசும் கிடைத்தது. மேடைக்குக் கூப்பிட்டபோது பிள்ளைகள் நகரவில்லை. "நீங்களே போய் வாங்கிக்குங்கக்கா, உங்க நாடகம்தானே" என்றாள் ஒரு பெண். அவள் அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது யாராவது ஒன்றைக் கேட்டு வந்தால், "நீ என்ன நினைக்கிற?" என்பார். கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருப்பார். தொடர்கதையின் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறவர் மாதிரி அவர் கண்கள் விரியும். சிலருக்கு எரிச்சல் வந்து, "ஐயோ, சொல்லித்தான் தொலைங்களேன்!" என்று கத்துவார்கள். கத்தி ஓய்ந்ததும், தங்களுக்குத் தோன்றியதைத் தாங்களே சொல்ல ஆரம்பிப்பார்கள்.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். இளைஞர் வளர்ச்சிக்கான மாதிரிகள் என்று திரையில் படம் படமாகக் காட்டினார். ஒன்றில் ஏணி. இன்னொன்றில் ஒன்றைச் சுற்றி ஒன்றாக வட்டங்கள்: நடுவில் பிள்ளை, அடுத்து குடும்பம், பிறகு தெரு, எல்லாவற்றையும் சுற்றிப் பண்பாடு. அக்கா முன்வரிசையில் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, "சார், குடும்பம்னு போட்டிருக்கீங்களே, அந்த வட்டத்துல நான் என் கையை எங்க வெச்சுக்கணும்?" என்றார். அறையே சிரித்தது. "அதைத்தான் மேடம் நானும் தேடிக்கிட்டிருக்கேன். எங்க வீட்லயும் ரெண்டு பேர் இருக்காங்க" என்று பயிற்சியாளரும் சிரித்தார். அக்கா விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

மன்றத்தில் அடங்குகிற கை வீட்டில் அடங்குவதில்லை. அவருக்கு ஒரே மகன், பதினெட்டு வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழிலைப் பழக அவனுக்கு ஆசை. ஒரு நிறுவனத்தைத் தானே தேடிப் பிடித்து, நேர்காணலுக்கும் தானே நாள் வாங்கியிருந்தான். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே மேற்பார்வையாளராக இருப்பவர் மன்றத்தில் வளர்ந்தவர்தான். மகனுக்குத் தெரியாமல் போன் போட்டு, "என் பையன் வர்றான்பா, கொஞ்சம் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் நேர்காணலில் ஒரு கேள்வியும் கேட்காமல், "அக்கா சொல்லிட்டாங்க, நாளைக்கே வந்துடு தம்பி" என்றிருக்கிறார். மகன் எழுந்து வந்துவிட்டான். பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவைக் கேட்டான்: "ஊர்ல இருக்கிற எல்லாரையும் நம்புற. என்னை மட்டும் நம்ப மாட்டே, இல்ல?"

அதோடு பேச்சு நின்றது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வான். எத்தனையோ பிள்ளைகளின் மௌனத்தைக் காத்திருந்தே கரைத்த அக்காவுக்கு இந்த மௌனம் தாங்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அழுதார். இவன் இனி தன்னிடம் பேசவே மாட்டானோ என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது.

இன்று அவனுக்கு வேறோர் இடத்தில் நேர்காணல். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. மாடிப்படிக்கு அடியிலிருந்து சைக்கிளை எடுத்தவன் அப்படியே நின்றான். செயின் கழன்று தொங்குகிறது. இஸ்திரி போட்ட சட்டையோடு குந்தி உட்கார்ந்து இழுத்தான். ஒரு பல்லில் மாட்டினால் மறு பல்லில் நழுவியது. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால் ஒரு நொடி வேலை. கையை அடக்கப் பழகுவதற்கு முன்னால் மன்றத்தில் அக்கா எத்தனை சைக்கிளுக்கு மாட்டியிருக்கிறார்! நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கடைசிப் படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

அவன் மறுபடி இழுத்தான். மறுபடி நழுவியது. சக்கரத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு திரும்பி, படியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தான்.

"அம்மா, கையை எடு. இந்த சீட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

"எவ்வளவு தூக்கணும்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

சிமென்ட் படியின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருந்த இரண்டு கைகளாலும் அக்கா சீட்டைத் தூக்கினார். அவன் போதும் என்ற இடத்தில் நிறுத்தினார்.