சிதம்பரம் வரும்வரை

இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கிய வலிக்காக, அறுபதுகளில் கடலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு முதுகில் ஊசி போட்டார்கள். நான் அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு வார்டு ஊழியர் வந்தார். குட்டை மனிதர்; கைகள் மட்டும் உலக்கை போல. முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கழுத்தை அழுத்தியதும் எனக்கு மூச்சு முட்டியது.

“இங்கேருந்து ஸ்டேஷன் பேரெல்லாம் வரிசையா சொல்லுங்க சார். சிதம்பரம் வந்தா வுட்டுர்றேன்.” எல்லோரிடமும் இப்படித்தானாம்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்றேன். ஊசி இறங்கியது. “வுடுய்யா!” என்று கத்தினேன்.

பிடி இறுகியது. “இன்னும் கிள்ளையே வரல சார்.”

மறுநாள் அவரே ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அதே வலிதானாம்.

“நீங்களும் ஊசி போட்டுக்கலாமே?”

“என்னை யாரு சார் புடிக்கிறது?”

“நான் பிடிக்கிறேன்.”

என் கைகளைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க பாவம் பாத்து வுட்டுருவீங்க.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள இன்றுவரை என்னால் முடியவில்லை.