குடல் ஆறியதால் வேலை மாறியவர்

எங்கள் பஸ் டிப்போவில் "அவசரம்" என்றால் எல்லோரும் ஒரு டிரைவரைத்தான் கைகாட்டுவார்கள். பெருங்குடலின் உள்தோல் புண்ணாகி, ரத்தம் ரத்தமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம் அது. ஒரு பஸ் நிறையப் பயணிகளை நடுவழியில் உட்கார வைத்துவிட்டு அவர் புதர் தேடி ஓட, அவர்கள் நல்ல நடையில் புகார் எழுதிப்போட்டார்கள். அதன் பயனாக டயர் ஸ்டோரில், கழிப்பறைக்கு அடுத்த நாற்காலி கிடைத்தது. வாழ்நாளில் அவர் கண்ட ஒரே பதவி உயர்வு. ரிட்டயர் ஆகிறவரை அந்த நாற்காலியை விடக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையில்லை.

மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம் என்று கொஞ்ச காலம் போனது. மறுபடி கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்த டாக்டரம்மா படத்தைக் காட்டினார்.

"உள்ள புகுந்து சண்டை போட்டுப் புண்ணாக்கினது உங்க நோய் எதிர்ப்புச் செல்லுங்கதான். இப்ப செத்ததையெல்லாம் தின்னு சுத்தம் பண்ணி, அடியில இருக்கிற ஸ்டெம் செல்லுங்கள எழுப்பி, புதுத்தோல் போட வெச்சதும் அதே கூட்டம்தான்."

"ஒடச்சவங்களே கட்டியும் குடுத்தாங்களா? எங்க டிப்போவுல அப்படி ஒருத்தரும் இல்லையேம்மா."

"தோல்தான் ஆறியிருக்கு, நோய் போயிடல. மாத்திரைய நிறுத்தாதீங்க. வண்டியையும் தொடாதீங்க." லெட்டரும் கொடுத்தார்.

அவருடைய மச்சினன் அதே டிப்போவில் கண்டக்டர். தங்கமான மனசு, ஆபத்தே அதில்தான். பழைய படத்தையும் புதிய படத்தையும் செல்போனில் எடுத்து, "எங்க மாமா குடல், முன்பும் பின்பும்" என்று டிப்போ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். பணியாளர் அனைவரும் ஒரு மனிதனின் பெருங்குடலுக்குக் கைகூப்பினார்கள். "ரோடு பிரமாதமா போட்டிருக்காங்க, எந்த ரூட்டு?" என்று கேட்டார் ஒரு மெக்கானிக். மேனேஜரும் கட்டைவிரலை உயர்த்தினார். மறுநாள் "அவசரம்" பேரில் நெடுந்தூர ரூட் போடப்பட்டிருந்தது.

"மேல்தோல்தான் சார் ஆறியிருக்கு. டாக்டரம்மா லெட்டர் குடுத்திருக்காங்க."

"லெட்டர் யார் வேணாலும் எழுதுவாங்கய்யா. நான் கண்ணால பாத்தேன். பளபளன்னு இருக்கு."

டயர் ஸ்டோர் நாற்காலியில் மேனேஜரின் தம்பி உட்கார்ந்தார். அவருடைய குடலை யாரும் படமெடுத்ததில்லை.

"நல்லதுன்னு நெனச்சுதான மாமா போட்டேன்" என்றான் மச்சினன்.

"கெட்டது நெனச்சிருந்தா தப்பிச்சிருப்பேன் மாப்ள."

புதுத்தோல் அந்த ரூட்டில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. செல்கள் மறுபடி சண்டையில் இறங்கின. செப்பனிடும் வேலையையும் தொடங்கியிருக்கும். அவற்றுக்கு மேனேஜரின் அனுமதி தேவையில்லை. ஆனால் அவற்றுக்கு வேண்டிய தூக்கமும் சோறும் அந்த ரூட்டில் கிடையாது.

ஒருநாள் வெட்டவெளிச் சாலையோரம் பஸ் நின்றது.

"டிரைவர் எங்கப்பா?" என்றார் ஒரு பயணி.

"வண்டியில சின்னக் கோளாறு. பாக்கறாரு" என்றான் மச்சினன், டிக்கெட் கட்டைப் பார்த்துக்கொண்டே.

"கோளாறு வண்டிக்கடியிலதான இருக்கும்? அவரு முள்ளுக்காட்டுக்குள்ள என்னத்தப் பாக்கறாரு?"

பஸ் சிரித்தது. அவசரம் வெளிறிய முகத்தோடு திரும்பி வந்து, படியைப் பிடித்து ஏறி, இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"விசில் குடுக்கவா மாமா?"

"இரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இறங்கினார்.